“உனக்குத்தான் வந்துபோச்சே!”: மாரிகுப்பத்தில் ரயிலேறும் ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு ஒரு திறந்த மடல்

இருட்டு விலகும் முன்பே மாரிகுப்பத்தில் ரயிலேறி, பெங்களூரு ஆஸ்பத்திரிகளுக்கு வேலைக்குப் போகும் நர்ஸ் பெண்களே, வார்டு தம்பிகளே, ஹவுஸ்கீப்பிங் அக்காக்களே, என்னைப் போன்ற லேப் ஆட்களே,



உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். இருபத்தாறு வருஷம் இதே வண்டியில் சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று எண்ணிக்கொண்டே போய் வந்தவள். ஓய்வு பெற்ற பிறகு ரயில் பக்கமே போகாமல் இருந்தேன். போன மாதம் மகள் வீட்டுக்குப் போக மறுபடி ஏறினேன். பங்காருப்பேட்டை தாண்டியதும் எதிர்ச் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்தார்கள். யூனிஃபார்முக்கு மேல் ஸ்வெட்டர். ஒருத்தி விடாமல் இருமிக்கொண்டிருந்தாள். மாஸ்க் போட்டுக்கோயேன் என்றாள் மற்றவள். இருமினவள் சிரித்தாள். “எனக்கு மூணு தடவை கொரோனா வந்துபோச்சுடி. இனிமே என்னைப் பாத்தா அதுதான் ஓடணும்.”

அந்தப் பேச்சு அதோடு நின்றிருந்தால் நானும் டீ குடித்துவிட்டுத் தூங்கியிருப்பேன். அவள் தொடர்ந்தாள்: “எங்க சூப்பர்வைசரும் அதையேதான் சொல்றாரு. காய்ச்சல் வார்டுக்கு ஆள் வேணும்னா என்னைத்தான் போடுறாரு. உனக்குத்தான் வந்துபோச்சே, உனக்கு என்ன பயம்ங்கிறாரு.”

அந்த வாக்கியத்தை நான் முதலில் கேட்டது 2020 செப்டம்பரில். கேட்ட இடம் வேறு, வாக்கியம் அச்சு மாறாமல் அதேதான். அதனால்தான் இந்தக் கடிதம்.

அது நமக்குப் புதிய யோசனையும் இல்லை. பேரிலேயே மாரி இருக்கும் ஊர் நம்முடையது. என் பாட்டி முகத்தில் அம்மைத் தழும்பு உண்டு. சுரங்கத்து லைன் வீடுகளில் யாருக்கு அம்மை போட்டாலும் பாட்டியைத்தான் கூப்பிடுவார்களாம். தாய் ஒரு தடவை வந்துபோன உடம்பு, மறுபடி வர மாட்டாள் என்று வேப்பிலையோடு பக்கத்தில் உட்கார வைப்பார்கள். பாட்டி விஷயத்தில் அது சரியான மருத்துவம்தான். பெரியம்மை ஒரு தடவை வந்து பிழைத்தவருக்கு மறுபடி வருவது மிக மிக அரிது. படிக்காத ஜனங்கள் அனுபவத்தில் கண்டுபிடித்த நோய் எதிர்ப்பு அது. அதை மூடநம்பிக்கை என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

ஆனால் கொரோனா அம்மையின் சாதி இல்லை, சளியின் சாதி. நெதர்லாந்தில் ஒரு வேலை செய்தார்கள், லேப்காரியான எனக்கு அதைப் படித்தபோது பொறாமையாகவே இருந்தது. பத்து ஆண்களிடம் 1980களிலிருந்து தொடர்ந்து எடுத்துச் சேமித்து வைத்த ரத்தத்தைத் திரும்ப எடுத்து, சாதாரண ஜலதோஷம் தரும் நான்கு பழைய கொரோனா வைரஸ்களுக்கான எதிரணுக்களை அளந்தார்கள். ஒரே வைரஸ் ஒரே ஆளுக்குத் திரும்பத் திரும்ப வந்திருந்தது. பன்னிரண்டு மாத இடைவெளியிலேயே அடிக்கடி வந்திருந்தது. 2020ல் வெளியான அந்தக் கட்டுரையை ஒரு தடவை ஒழுங்காகப் படித்திருந்தால், புதிய கொரோனா இரண்டாம் தடவை வந்தபோது யாரும் வாயைப் பிளந்திருக்க வேண்டியதில்லை.

வந்தது. அதே 2020 ஆகஸ்டில், ஹாங்காங்கில் 33 வயது ஆள் ஒருவருக்கு 142 நாள் கழித்து மறுபடி தொற்றியது என்று முதன்முதலாக மரபணுச் சோதனையோடு நிரூபித்தார்கள். நம் நாட்டில் அடுத்து வெளிச்சத்துக்கு வந்தவர்கள் யார் தெரியுமா? நம்மாட்கள். கிரேட்டர் நொய்டாவில் ஓர் அரசு மருத்துவ நிறுவனத்தின் கோவிட் பிரிவில் வேலை பார்த்த இரண்டு பேர், 25 வயது ஆணும் 28 வயது பெண்ணும். மே மாதம் வந்து குணமானவர்கள். மூன்று மாதத்துக்கு மேல் கழித்து வழக்கமான பரிசோதனையில் மறுபடி பாசிட்டிவ். இரண்டு தடவையும் இரண்டு பேருக்கும் ஒரு தும்மல்கூட இல்லை. ஆனால் இரண்டாம் தடவை வைரஸ் அளவு முதல் தடவையைவிட அதிகமாக இருந்தது. அதாவது நன்றாகத்தான் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே ரயிலில் நம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கக்கூடியவர்கள். மும்பையில் நான்கு மருத்துவ ஊழியர்களுக்கு நேர்மாறாக நடந்தது. இரண்டாம் தடவைதான் உடம்பு அதிகமாகப் படுத்தியது. ஐசிஎம்ஆர் 1,300 பேரின் பரிசோதனைப் பதிவுகளை அலசி, அதில் 58 பேருக்கு, அதாவது நூற்றுக்கு நாலரைப் பேருக்கு, மறுதொற்று இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டது. அதற்கு அவர்கள் வைத்த அளவுகோல்: இரண்டு பாசிட்டிவுக்கும் நடுவில் குறைந்தது 102 நாள், இடையில் ஒரு நெகட்டிவ்.

இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் வந்துபோனதால் ஒரு பாதுகாப்பும் இல்லை போல என்று நினைத்துவிடாதீர்கள். அதுவும் தப்பு. சொல்லப்போனால் அந்தத் தப்பைப் படித்தவர்களே நிறையப் பேர் செய்தார்கள். இங்கிலாந்தில் 25,000க்கும் மேற்பட்ட ஆஸ்பத்திரி ஊழியர்களை மாதக்கணக்கில் விடாமல் சோதித்தார்கள். முன்பே தொற்று வந்தவர்களுக்கு மறுபடி வரும் ஆபத்து 84 சதவீதம் குறைவு, அதுவும் ஏழு மாதம்வரை, என்று 2021ல் அறிவித்தார்கள். அமெரிக்காவில் கிளீவ்லாண்ட் கிளினிக் தன் ஊழியர்கள் 52,238 பேரை ஐந்து மாதம் பார்த்தது. முன்பே வந்துபோய், ஊசி போடாமலே இருந்த 1,359 பேரில் ஒருவருக்குக்கூட அந்தக் காலத்தில் மறுபடி வரவில்லை. அந்தச் செய்தியைக் கையில் வைத்துக்கொண்டுதான் அங்கே பல நர்ஸுகள் “எங்களுக்கு எதற்கு ஊசி?” என்று சண்டை போட்டார்கள். அவர்களை முட்டாள்கள் என்று திட்டியவர்களைவிட அவர்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் இருந்தது.

ஆனால் அந்த ஆய்வு முடிந்த தேதியைப் பாருங்கள். 2021 மே 15. டெல்டா அமெரிக்காவில் முழுசாகப் பரவும் முன்பே கணக்கை மூடிவிட்டார்கள். ஓமிக்ரான் பிறக்கவே இல்லை.

ஓமிக்ரான் வந்த கதை நமக்குப் பக்கத்து வீட்டுக் கதை. 2021 டிசம்பர் 2ஆம் தேதி இந்தியாவின் முதல் இரண்டு ஓமிக்ரான் தொற்றுகள் என்று அறிவித்தார்களே, இரண்டும் பெங்களூரில்தான். ஒருவர் வெளிநாட்டிலிருந்து வந்தவர். மற்றவர் எந்த நாட்டுக்கும் போகாத 46 வயது டாக்டர், இரண்டு டோஸும் போட்டவர். அந்த அலையில்தான் பழைய கணக்கெல்லாம் சரிந்தது. கத்தார் நாட்டு ஆய்வில், முன்பே வந்த தொற்று டெல்டாவரையான வகைகளை ஏறத்தாழ 90 சதவீதம் தடுத்தது, ஓமிக்ரானை 56 சதவீதம்தான் தடுத்தது. பிறகு 19 நாடுகளின் 65 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கட்டுரை ஒன்று 2023ல் லான்செட்டில் வந்தது. முந்தைய தொற்று தரும் பாதுகாப்பு பத்து மாதத்தில் ஓமிக்ரானின் முதல் வகைக்கு எதிராக 36 சதவீதமாக இறங்கிவிடுகிறது. ஆனால் உயிருக்கு ஆபத்தான நிலைக்குப் போகாமல் காப்பது அதே பத்து மாதத்திலும் 88 சதவீதத்துக்கு மேல் நிற்கிறது.

இந்த இரண்டு எண்ணையும் சேர்த்தே மனதில் வையுங்கள். ஒன்றை மட்டும் சொல்கிறவர் ஏதோ ஒன்றை விற்கிறார்.

ஏன் இப்படி இரண்டாகப் பிரிகிறது என்று கேட்பீர்கள். உடம்பில் காவல் இரண்டு அடுக்கு. மூக்கிலும் தொண்டையிலும் வாசலில் நிற்கும் எதிரணுக்கள் ஒன்று. அவை சில மாதத்தில் குறையும், வைரஸ் வேஷம் மாற்றினால் அடையாளம் தெரியாமல் உள்ளே விட்டுவிடும். உள்ளே நினைவு வைத்திருக்கும் செல்கள் இன்னொன்று. வாசலில் கோட்டை விட்டாலும் நுரையீரலுக்குப் போவதற்குள் இவை எழுந்து வந்துவிடும். 2003ல் சார்ஸ் வந்து பிழைத்தவர்கள் ரத்தத்தில் பதினேழு வருஷம் கழித்தும் அந்த நினைவு செல்கள் இருந்ததைச் சிங்கப்பூரில் கண்டார்கள். ஆக, மூன்று தடவை வந்துபோன அந்தப் பெண் ஐசியூவில் படுக்கும் வாய்ப்பு குறைவுதான். ஆனால் வைரஸைத் தொண்டையில் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போகும் வாய்ப்பு இன்னும் இருக்கத்தான் செய்கிறது.

எனக்கு நடந்ததை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். 2020 ஆகஸ்டில் எனக்கு வந்தது. நான்கு நாள் காய்ச்சல், காப்பியில் வாசம் போய்விட்டது, மூன்று வாரம் பின்கட்டில் தனியே கிடந்தேன். திரும்பிப் போனதும் சளி மாதிரி எடுக்கும் கவுண்டரில் நிரந்தரமாக என்னைப் போட்டார்கள். “உனக்குத்தான் வந்துபோச்சே.” எனக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான், மறைப்பானேன். மற்றவர்கள் பயந்து நடுங்கும் இடத்தில் நான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன். வாரத்துக்கு இரண்டு என்95 கொடுத்தது ஒன்றாகக் குறைந்தது. கேட்டால் அதே பதில். என் ரத்தத்தை நானே எங்கள் லேபில் போட்டுப் பார்த்தேன். அக்டோபரில் எதிரணு நன்றாகக் காட்டியது. அடுத்த பிப்ரவரியில் கோடு மங்கிவிட்டது. என் அலட்சியம் மட்டும் மங்கவில்லை.

2022 ஜனவரியில் இரண்டாம் தடவை வந்தது. இரண்டு டோஸ் ஊசியும் போட்டிருந்தேன். எனக்கு மூன்று நாள் தொண்டை வலி, அவ்வளவுதான். வீட்டில் அப்பா இருந்தார், 84 வயது. சுரங்கத்தில் முப்பது வருஷம் பாறையில் துளை போட்ட நெஞ்சு. பதினொரு நாள் ஆக்சிஜனில் இருந்தார். பிழைத்து வந்தார், ஆனால் அதற்குப் பிறகு வாசல் கேட்வரை நடந்து அவர் போனதே இல்லை. எனக்குப் பாதுகாப்பு இருந்தது. அப்பாவுக்கு அது உதவவில்லை.

அப்பாவிடம் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன், அவ்வளவு தூசியில் எப்படிப்பா வேலை செய்தீங்க என்று. “தூசி பழகிப்போச்சும்மா” என்பார். பழகவில்லை. 1940களில் நம் தங்கவயலில் 7,653 தொழிலாளர்களைச் சோதித்தபோது 3,402 பேர் நெஞ்சில் சிலிகோசிஸ் இருந்தது. பழகிப்போச்சு என்று சொன்ன நெஞ்சுகள்தான் அவை. “வந்துபோச்சு” என்று இன்றைய பிள்ளைகள் சொல்லும்போது எனக்கு அப்பாவின் குரல்தான் கேட்கிறது.

சுரங்கத்துப் பிள்ளைகளுக்குக் காற்றைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே, பாறையே அறுபது டிகிரிக்கு மேல் கொதிக்கும் இடத்தில், காற்று வராத மூலையில் ஆள் நிற்கக் கூடாது என்பது நம் தாத்தாக்களுக்கு முதல் பாடம். கொரோனா காற்றில் பரவுகிறது என்று ஒப்புக்கொள்ளச் சொல்லி 2020 ஜூலையில் 239 விஞ்ஞானிகள் உலக சுகாதார அமைப்புக்குத் திறந்த மடலே எழுத வேண்டியிருந்தது. நீங்கள் வேலை பார்க்கும் ஏசி வார்டில் சன்னல் திறக்குமா, எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறதா என்று பாருங்கள். கையில் சானிடைசர் ஊற்றிக்கொள்வதைவிட அது முக்கியம்.

சரி, சூப்பர்வைசர் விஷயத்துக்கு வருகிறேன். வந்துபோனதை உலகத்தில் யாருமே கணக்கில் எடுக்கவில்லை என்று இல்லை. எடுத்தார்கள், ஆனால் தேதி போட்டு எடுத்தார்கள். ஐரோப்பாவில் குணமானவருக்குக் கொடுத்த சான்றிதழ் 180 நாள் செல்லுபடியானது. சிங்கப்பூரில் விடுதிகளில் இருந்த வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு, அவர்களில் நம் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை ஆயிரம், குணமான பிறகு 180 நாள் வழக்கமான பரிசோதனை வேண்டாம் என்றார்கள், பிறகு அதை 270 நாளாக நீட்டினார்கள். 2021 ஏப்ரலில் உட்லண்ட்ஸ் பகுதி விடுதி ஒன்றில் குணமானவர்கள் சிலருக்கே மறுபடி பாசிட்டிவ் வந்ததும் எல்லாரையும் திரும்பச் சோதித்தார்கள். நம் ஊரிலும் 2021 மே மாதம், கொரோனா வந்து குணமானவர்கள் மூன்று மாதம் கழித்து ஊசி போட்டால் போதும் என்று மத்திய அரசு சொன்னது. எல்லாரும் நாள் குறித்தார்கள். “உனக்குத்தான் வந்துபோச்சே” என்கிறவர் மட்டும்தான் நாள் குறிப்பதில்லை. அடுத்த தடவை அவர் சொல்லும்போது, எந்த மாசம் வந்தது, எந்த வகை வந்தது, அது எத்தனை மாசம் தாங்கும் சார் என்று மரியாதையாகவே கேட்டுப் பாருங்கள்.

ஊசி விஷயத்தில் ஒன்று. வேலூர் சிஎம்சி தன் ஊழியர்களை வைத்தே செய்த கணக்கு இருக்கிறது. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை 8,991 பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள். இரண்டு டோஸ் போட்டவர்களுக்குத் தொற்று 65 சதவீதமும், ஆஸ்பத்திரியில் சேரும் நிலை 77 சதவீதமும், ஐசியூ தேவை 94 சதவீதமும் குறைந்தது. அதுவும் டெல்டா அடித்த நேரத்தில். அதே சிஎம்சியில் பிறகு வந்த ஆய்வு ஒன்று, தொற்றும் வந்து ஊசியும் போட்டுக்கொண்டவர்களுக்கே காப்பு அதிகம் என்றது. உங்களில் பெரும்பாலானோர் அந்த இரண்டும் உள்ளவர்கள்தான். நல்லது. அதை வைத்து நிம்மதியாகத் தூங்குங்கள். மாஸ்கைக் கழற்றிக் கொடுத்துவிடாதீர்கள்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. இதற்கு முன்னால் சொன்னதெல்லாம் மறந்தாலும் இது மறக்கக் கூடாது.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் வாங்குகிறவர்கள் எல்லாரும், கான்ட்ராக்டில் இருக்கும் ஹவுஸ்கீப்பிங் அக்காக்கள் உட்பட, பெரும்பாலும் ஈஎஸ்ஐக்குள் வருவீர்கள். உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், முதலாளி 3.25 சதவீதம் போட வேண்டும். கான்ட்ராக்டர் கட்டாமல் ஏமாற்றினால் ஆஸ்பத்திரியே கட்டியாக வேண்டும் என்பது சட்டம். காய்ச்சல் என்று ஈஎஸ்ஐ டாக்டர் சான்றிதழ் கொடுத்தால், வருஷத்தில் 91 நாள்வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். அதற்குரிய ஆறு மாதக் கணக்கில் 78 நாளாவது உங்களுக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும், அவ்வளவே. லீவு எடுத்தால் சம்பளம் போய்விடும் என்று இருமிக்கொண்டே ரயிலேறுகிறீர்களே, அதற்காகச் சொல்கிறேன்.

அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது, ஆஸ்பத்திரிகளில் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. ஈஎஸ்ஐ சட்டத்தில் மூன்றாம் அட்டவணை என்று ஒன்று உண்டு, தொழிலால் வரும் நோய்களின் பட்டியல். அதன் முதல் பகுதியில் முதலாவதாக இருப்பதே தொற்றுநோய்தான். ஆஸ்பத்திரி வேலை, லேப் வேலை பார்ப்பவர்களுக்கு வேலையால் தொற்றும் நோய் தொழில் நோய் என்று எழுதியிருக்கிறது. தொழில் நோய் என்று ஏற்றுக்கொண்டால் 70 இல்லை, 90 சதவீதம். 78 நாள் நிபந்தனையும் அதற்கு இல்லை. அதே அட்டவணையில் கொஞ்சம் கீழே போனால் சிலிகோசிஸ் இருக்கிறது. அப்பாவின் நோயும் என் நோயும் ஒரே காகிதத்தில் இருப்பதை நான் ஓய்வு பெற்ற பிறகுதான் பார்த்தேன்.

இதைக் கேட்க உங்களிடம் காகிதம் வேண்டும். “எனக்கு மூணு தடவை வந்துச்சு” என்ற வாய்வார்த்தை செல்லாது. ஒவ்வொரு தடவையும் டெஸ்ட் ரிப்போர்ட், தேதி, அந்த வாரம் எந்த வார்டில் டூட்டி என்ற ரோஸ்டரின் நகல், இந்த மூன்றும் வேண்டும். ரோஸ்டர் நோட்டீஸ் போர்டில்தான் ஒட்டுகிறார்கள். வாராவாரம் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ள யார் அனுமதியும் தேவையில்லை.

2001 பிப்ரவரி 28ல் சுரங்கத்தை மூடினபோது நம் ஆட்களில் எத்தனை பேரிடம் நெஞ்சு எக்ஸ்ரே இல்லை, சர்வீஸ் காகிதம் இல்லை என்று நான் பார்த்திருக்கிறேன்.  

ரயிலில் இருமிக்கொண்டு வந்த பெண்ணே, நீ ஒயிட்ஃபீல்டில் இறங்கிவிட்டாய், பேர்கூடக் கேட்கவில்லை. இதைப் படித்தால் வா. நீ மட்டுமில்லை, யார் வேண்டுமானாலும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் வீட்டுத் திண்ணையில்தான் இருப்பேன். மாரிகுப்பம் ஸ்டேஷனில் இறங்கி லேப் அக்கா வீடு என்று கேட்டால் காட்டுவார்கள். ஈஎஸ்ஐ கார்டும் டெஸ்ட் ரிப்போர்ட்டும் கொண்டு வாருங்கள், படிவம் நான் நிரப்பித் தருகிறேன். இருமல் இருந்தால் மாஸ்க் போட்டுக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் லேப் அக்கா
மாரிகுப்பம்